நாளைக் காலை கடை திறக்க முடியுமா? திருகோணமலையில் ஒரு கணக்குப் பதிவு வகுப்பு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலைக் கரையோரத்தில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு வகுப்புக்கு வர நேரம் கிடைப்பது வாடைக்காற்றுக் காலத்தில்தான். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் கிழக்குக் கடல் அமைதியாக இருப்பதால் மீன்பிடியும், அதை நம்பிய கருவாட்டு வேலையும், நிலாவெளிப் பக்கத்துச் சுற்றுலா வியாபாரமும் மும்முரமாக நடக்கும். நவம்பரில் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் வேலை ஓய்ந்துவிடும். ஆகவே சிறுதொழில் கணக்குப் பதிவு வகுப்பொன்றை 2023 நவம்பரில், உப்புவெளியில் ஒரு பொது மண்டபத்தில், சனிக்கிழமை தோறும் ஆறு வாரங்களுக்கு ஒழுங்கு செய்தோம். பாடங்களை வடிவமைக்கும் பொறுப்பு என்னுடையது.

பதினான்கு பேர் பதிவு செய்தனர். கருவாடு விற்போர், தையல் தைப்போர், பலகாரம் செய்து கடைகளுக்குக் கொடுப்போர், சைக்கிள் திருத்துவோர் எனப் பலரும் அவர்களில் இருந்தனர். நால்வரின் தேவைகள் மற்றவர்களுடையவற்றிலிருந்து வேறுபட்டிருந்தன. ஒருவர் விழிப்புலனற்றவர், வீட்டு முன்றலில் சிறு கடை வைத்து பிஸ்கட், சவர்க்காரம், தொலைபேசி ரீலோட் விற்கிறார். ஒருவர் செவிப்புலனற்ற இளம் தையற்காரி. மூன்றாமவர் போர்க்காலத்தில் வலது முன்கையை இழந்த சைக்கிள் திருத்துநர். நான்காமவர் கண்ணில் வெண்புரை படர்ந்த மூதாட்டி.

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவன அனுமதியிலும் வேலைக்குச் சேர்ப்பதிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. எங்கள் அறிவித்தலிலும் ‘அனைவரும் வரலாம்’ என்றே எழுதியிருந்தோம். அந்த நால்வரும் அதை நம்பி வந்தவர்கள் என்பதை இங்கே முதலில் பதிவு செய்வது அவசியம். ஏனெனில் அவர்களை வாசலுக்குள் விட்டோமே தவிர, பாடத்துக்குள் விடவில்லை.

முதற் சுற்றில் கண்டவை

கணக்குப் பாடம் சலிப்பூட்டும் என்ற அச்சத்தில், கைபேசியில் இயங்கும் வினாடி வினாச் செயலியொன்றைத் தயார்நிலை வார்ப்புருவிலிருந்து உருவாக்கினோம். சரியான விடைக்குப் புள்ளி, வாரக் கடைசியில் பதக்கம், ஒவ்வொரு கேள்விக்கும் இருபது வினாடி, வகுப்பின் முடிவில் அனைவரின் பெயரையும் வரிசைப்படுத்தும் பட்டியல் ஆகியவை அதில் இருந்தன. பாடத்தை விளையாட்டாக்கிவிட்டோம் என்று அப்போது நாங்கள் உண்மையாகவே நம்பினோம்.

இரண்டாம் சனிக்கிழமை கடைக்கார அண்ணனுக்குப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். அவர் ஆண்ட்ராய்ட் கைபேசியை டாக்பேக் என்ற திரைவாசிப்பான் மூலம் பயன்படுத்துகிறார். விரலை வலப்புறம் தள்ளத் தள்ளத் திரையிலுள்ள ஒவ்வொன்றும் குரலாக ஒலிக்கும். வேண்டியது வந்ததும் இரு தரம் தட்ட வேண்டும். முதல் தள்ளலில் கேள்வி வந்தது. இரண்டாவதில் பெயரிடப்படாத ஒரு படம். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு விடைகள். மூன்றாம் விடையைக் கேட்கும்போதே நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. அதற்கு முன்னரும் நேரமானியின் டிக் டிக் ஓசை, வாசிக்கும் குரலை மூடிக்கொண்டே இருந்தது. “விடை எனக்குத் தெரியும் தம்பி, சொல்ல முதல் மணி அடிச்சுப்போடுது” என்றார். அன்றைய பட்டியலில் அவர் பெயர் கடைசியில் நின்றது. அடுத்த வாரமும் அப்படியே.

சைக்கிள் திருத்துநருக்கு வேறு சிக்கல். செலவுகளை விரலால் இழுத்து உரிய பெட்டிக்குள் போடும் பயிற்சியில், மேசையில் வைத்த கைபேசி விரலோடு சேர்ந்து வழுக்கியது. கையின் எஞ்சிய பகுதியால் அதை அழுத்திப் பிடித்தபடி முயன்றார். பாதி வழியில் விரல் தூக்கப்பட்டால் பொருள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மூதாட்டிக்கு வெளிர் சாம்பல் நிற இலக்கங்கள் தெரியவே இல்லை. இலாபத்தைப் பச்சையாலும் நட்டத்தைச் சிவப்பாலும் மட்டும் காட்டியிருந்ததால், எந்தத் தொகை எது என்று அவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தையற்காரி பார்த்த காணொளியில் எழுத்து வரிகள் கிடையாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடக் குறிப்புகளின் நிலை இன்னும் மோசம். நம் ஊர்களில் இன்றும் பல ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்படுகின்றன. அது கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பினுள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது. ‘காசு’ என்ற சொல்லைக் கடைக்கார அண்ணனின் கைபேசி ‘எஃப், எச், ஆர்’ என்று வாசித்தது. இரண்டு பக்கக் குறிப்பை அவர் இப்படிக் கடைசி வரை கேட்டிருக்கிறார், நடுவில் எங்காவது தமிழ் வரும் என்று.

இவற்றையெல்லாம் ‘விசேட தேவையுடைய சிலரின் பிரச்சினை’ என்று ஒதுக்கிவிட முடியாதபடி இன்னொன்றையும் கவனித்தோம். புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்த கருவாட்டு வியாபாரியிடம், போன வாரம் உங்களுக்கு இலாபமா நட்டமா என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. விரைவாகத் தட்டுவதை அவர் நன்றாகக் கற்றிருந்தார். நாங்கள் கற்பித்ததும் அதைத்தான்.

ஆறாம் வாரத்தில் மண்டபத்தில் ஆறு பேரே இருந்தனர். பட்டியலில் பேரப்பிள்ளை வயதுப் பெண்களுக்குக் கீழே தன் பெயர் தெரிவதை விரும்பாமல் மூதாட்டி மூன்றாம் வாரமே நின்றுவிட்டதாகப் பின்னர் அறிந்தோம்.

காரணம் தேடிய மாதங்கள்

2024 ஜனவரியிலிருந்து, இடையில் நின்றவர்களை வீடு தேடிச் சென்று கண்டோம். அந்தப் பேச்சுகளிலிருந்துதான் எங்கள் தவறு எங்கே தொடங்கியது என்று புரிந்தது. விளையாட்டிலிருந்து அதன் அலங்காரத்தை எடுத்துக்கொண்டு, அதன் வடிவமைப்பை விட்டுவிட்டோம்.

எந்த விளையாட்டும் வேண்டுமென்றே கடினமாக்கப்பட்ட ஒன்று. கடினம் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. ஆனால் எந்தக் கடினம் என்பதை ஆட்டத்தை அமைப்பவர் தேர்ந்தெடுக்கிறார். கிளித்தட்டை எடுத்துக்கொள்வோம். கோட்டில் ஓடி மறிக்கும் கிளியிடம் அகப்படாமல் தட்டுத் தட்டாகக் கடப்பதே அதன் கடினம். மைதானத்தில் நெருஞ்சி முள் கிடந்தால், அதையும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று எவரும் சொல்வதில்லை; முள்ளைப் பொறுக்கிய பிறகே கோடு கீறுவார்கள். எங்கள் செயலியில் நேரமானியும், இழுத்துப் போடுவதும், வெளிர் எழுத்தும், பாமினியும் முள்ளாகக் கிடந்தன. கிளி எங்கேயும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒவ்வொரு பயிற்சியையும் பார்த்து “இது கிளியா, முள்ளா?” என்று கேட்பது வழக்கமாயிற்று.

முள் எது என்பதற்கு உலகளாவிய நியமங்கள் உள்ளன. இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பே, நேர வரம்பு இருந்தால் அதை நிறுத்தவோ நீட்டவோ பயனருக்கு வழி இருக்க வேண்டும் என்றும், நிறத்தால் மட்டும் தகவல் சொல்லக் கூடாது என்றும், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்றும் கூறுகிறது. 2023 ஒக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமலே, தட்டிச் செய்யவும் வழி வேண்டும் என்று சேர்த்தது. நாங்கள் வகுப்பைத் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே இது வெளியாகியிருந்தது. நாங்கள் படிக்கவில்லை.

ஆனால் நியமங்களை முழுக்கக் கடைப்பிடித்திருந்தாலும் எங்கள் பாடம் எவரும் தடையின்றி அணுகக்கூடிய ஒரு வெறும் வினாடி வினாவாகவே இருந்திருக்கும் என்பது என் கருத்து. முள்ளை எப்படி அகற்றுவது என்று நியமம் சொல்லும். கிளி எது என்று சொல்லாது. அதைத் தொழில் செய்கிறவர்களிடமிருந்தே அறிய வேண்டியிருந்தது. கருவாடு விற்கும் அக்கா ஒருவர் ஒரே பேச்சில் சொல்லிவிட்டார்: “இலாபம் எவ்வளவெண்டு ஆர் பாக்கிறது? விடிய மீன் எடுக்கக் கையில காசு இருக்குமோ எண்டுதான் ராத்திரி நித்திரை வராது.” வீட்டுக் காசும் கடைக் காசும் கலந்து கிடப்பதும், கொடுத்த கடன் எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதும், உழைத்திருந்தும் கை வெறுமையாவதும் அந்த ஒரு கவலைக்குள் அடங்கிவிட்டன. ‘நாளைக் காலை கடை திறக்க முடியுமா?’ என்பதே ஆட்டத்தின் கேள்வியாயிற்று.

எடுத்த முடிவுகள்

நேரமானி, புள்ளி, பதக்கம், பெயர்ப் பட்டியல் அனைத்தையும் நீக்கினோம். சக பயிற்றுநர் ஒருவர் இதை எதிர்த்தார். அவசரம் இல்லாவிட்டால் ஆட்டத்தில் உயிர் இருக்காது என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்தது. ஆகவே அவசரத்துக்குப் பதிலாக நிச்சயமின்மையை வைத்தோம். ஒவ்வொரு ‘நாளும்’ ஆறு சோகிகளை (சோழிகளை) உருட்ட வேண்டும். வாய் மேல்நோக்கி விழுந்தவற்றை விரலால் தடவி எண்ணினால் பூச்சியம் முதல் ஆறு வரை ஏழு நிகழ்வுகளில் ஒன்று வரும்: மழையால் கருவாடு காயவில்லை, உறவினர் வீட்டுக் கலியாணம், பழைய கடன் திரும்பி வந்தது என்பன போல. இது கண்ணை நம்பிய ஆட்டமல்ல. இதில் எவரும் எவரையும் அவசரப்படுத்தவும் முடியாது.

தோல்வியின் விலையைக் குறைத்தோம். கடை திறக்க முடியாமற் போனால் முந்தின நாளுக்குத் திரும்பி, வேறு முடிவெடுத்துப் பார்க்கலாம். நிஜ வாழ்க்கையில் ஒரு தவறுக்கு ஒரு பருவமே போய்விடும் மனிதர்களுக்கு, பத்து நிமிடத்தில் மூன்று தரம் தவறு செய்ய இடம் கொடுப்பதே விளையாட்டால் தரக்கூடிய மிகப் பெரிய உதவி என்று நினைக்கிறேன்.

கடினத்தின் அளவையும் பயிலுநர் கையிலேயே விட்டோம். 2018இல் வெளிவந்த செலஸ்ட் என்ற கணினி விளையாட்டில், வேகத்தைக் குறைப்பது உள்ளிட்ட உதவிகளை ஆடுபவரே தெரிவு செய்துகொள்ளும் முறை உண்டு. அதையொட்டி, கடன் விற்பனை இல்லாத ஆட்டத்தில் தொடங்குவதா, எல்லாம் கலந்த ஆட்டத்தில் இறங்குவதா என்பதை ஒவ்வொரு சோடியும் தீர்மானிக்கும்படி விதித்தோம்.

குறிப்புகள், கைபேசி தமிழாகவே அறிந்து வாசிக்கும் யுனிகோட் எழுத்துமுறைக்கு மாற்றப்பட்டன. இங்கே ஓர் எச்சரிக்கை: மாற்றியில் போட்டு எடுத்ததும் வேலை முடிவதில்லை. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னே தட்டப்படுவதால், மாற்றத்தில் கொம்பும் காலும் இடம் பிசகக்கூடும். கண்ணால் சரிபார்த்ததில் தப்பிய பிழைகள், திரைவாசிப்பானில் கேட்டபோது அகப்பட்டன.

பலகை

கைபேசியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டுப் பல்லாங்குழிப் பலகையை எடுத்ததே இந்த முழு முயற்சியிலும் எனக்கு மிகுந்த நிறைவு தந்த முடிவு. பலகையில் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். முன் வரிசைக் குழிகளுக்கு இடமிருந்து வலமாகக் கைக்காசு, சரக்கு, வரவேண்டிய கடன், கொடுக்க வேண்டிய கடன், வீடு, சேமிப்பு, சந்தை என்று பெயரிட்டோம். பின் வரிசை, நாளின் தொடக்கத்தில் இருந்த நிலையை அப்படியே வைத்திருக்கும். திரும்பிப் போக வேண்டுமானால் அதைப் பார்த்து முன் வரிசையை அடுக்கிக்கொள்ளலாம். ஒரு புளியங்கொட்டை ஆயிரம் ரூபா. கடன் என்றால் ஒரு சிப்பி. காசு வழவழப்பானது, கடன் வரிவரியானது என்று விரல் உடனே பிரித்தறியும்.

விதி ஒன்றே: ஒரு குழியிலிருந்து எடுத்தது இன்னொரு குழியில் விழுந்தே ஆக வேண்டும். வணிகக் கல்வியில் இரட்டைப் பதிவு என்று நாம் எழுத்தால் கற்பித்து மாணவரைக் குழப்பும் கருத்து, இங்கே கையின் அசைவாகவே அமைந்துவிட்டது. ஒற்றைக் கையால் ஆடலாம், பாராமல் ஆடலாம், எழுத வாசிக்கத் தெரியாமலும் ஆடலாம்.

இரண்டாம் சுற்று

2024 நவம்பரில் பதினைந்து பேர் வந்தனர். முன்னைய நால்வரும் அவர்களில் இருந்தனர். அவர்களை மீண்டும் வரச் சொல்லிக் கேட்பது எளிதாக இருக்கவில்லை. மாத இறுதியில் கிழக்கு மாகாணத்தைத் தாக்கிய கனமழை வெள்ளத்தால் ஒரு வாரம் வகுப்பு நடக்கவில்லை.

கடைக்கார அண்ணனும் கருவாட்டு அக்காவும் சோடி சேர்ந்தனர். கையில் பதினொரு கொட்டையோடு தொடங்கினர். மீனுக்குப் பத்து, உப்புக்கும் ஓட்டோ கூலிக்கும் ஒன்று. பதினொன்றும் சரக்குக் குழிக்குப் போயின. கருவாடு முழுவதும் பதின்மூன்றாயிரத்துக்கு விற்றது, அதில் ஐயாயிரம் கடன். சரக்குக் கொட்டைகள் சந்தைக்குப் போக, எட்டுக் கொட்டைகள் கைக்காசிலும் ஐந்து சிப்பிகள் கடனிலும் விழுந்தன. அண்ணன் குழிகளை ஒருமுறை இடமிருந்து வலமாகத் தடவினார். திரும்பவும் தடவினார். “அக்கா, உழைச்சது ரெண்டு. ஆனா விடியக் கடை திறக்கேலாது, மீனுக்குப் பத்து வேணும், எட்டுத்தான் கிடக்கு” என்றார். அக்கா சிப்பிக் குழிக்குள் கையை வைத்தபடி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “இந்த அஞ்சும் என்ர மச்சாள்மாரிட்டக் கிடக்கு” என்றார். பலகையில் ஆடியது கற்பனைக் கடை. அவர் சொன்னது தன் கடையை.

அவர்கள் முந்தின நாளுக்குத் திரும்பினர். இம்முறை கடனை மூன்றோடு நிறுத்தினர். பத்துக் கொட்டைகள் கையில் நின்றன. மீன் எடுக்கலாம், உப்புக்கும் ஓட்டோ கூலிக்கும் மட்டும் ஒரு சிப்பி கடன்.

மூதாட்டிக்கு வீடு என்ற குழியே பெரிய வியப்பாக இருந்தது. வீட்டுச் செலவுக்கு எடுப்பதையும் எண்ணிப் பார்க்கலாம் என்பது அவருக்குப் புதிது. சைக்கிள் திருத்துநர் மற்ற சோடிகளுக்கும் விதி விளக்கத் தொடங்கினார். முதற் சுற்றில் நன்றாகச் செய்தவர்களில் இருவர், நேரமானி இருந்தபோது ஆட்டம் விறுவிறுப்பாக இருந்ததாகவும் இப்போது மெதுவாக நகர்வதாகவும் குறைப்பட்டனர். அந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை.

மறைக்கக் கூடாத இன்னொன்று, செவிப்புலனற்ற தையற்காரிக்கு நேர்ந்தது. பலகையில் அவரே எல்லோரிலும் விரைவாக விளங்கிக்கொண்டார். காணொளிகளுக்கு இம்முறை எழுத்து வரிகள் சேர்த்திருந்தோம். அதோடு அவருடைய தேவை தீர்ந்தது என்று எண்ணினோம். ஆனால் சைகை மொழியை முதன்மொழியாகக் கொண்டவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. ‘வரவேண்டிய கடன்’ என்ற தொடரை வாசிப்பது வேறு, விளங்குவது வேறு. அதைவிட முக்கியமாக, கற்றல் நடந்தது ஆட்டத்தில் மட்டுமல்ல; ஆட்டம் முடிந்து, ஏன் தோற்றோம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிய அந்தப் பத்து நிமிடத்தில்தான் பெரும்பகுதி நடந்தது. அந்தப் பேச்சு அவரைச் சுற்றி நடந்தது, அவரோடு நடக்கவில்லை. முதல் இரு வாரம் அவருடைய ஒன்றுவிட்ட தங்கை உடன் வந்து சைகையில் சொன்னார். மூன்றாம் வாரம் தங்கைக்குப் பரீட்சை. நான்காம் வாரம் தையற்காரியும் வரவில்லை. ஒரு பிள்ளையின் ஓய்வு நேரத்தை நம்பி ஒருவருடைய கல்வியை ஒழுங்கு செய்தோம்.

அவரையும் சேர்த்து மூவர் இடையில் நின்றுவிட்டனர். பன்னிருவர் ஆறு வாரமும் முடித்தனர்.

மூன்று மாதங்களின் பின்

2025 மார்ச்சில் அந்தப் பன்னிருவரையும் வீட்டிலோ கடையிலோ கண்டோம். எழுவர் ஏதோ ஒரு வடிவில் கணக்கு வைத்திருந்தனர். நால்வர் கொப்பியில் எழுதினர். கடைக்கார அண்ணன் ஒவ்வொரு இரவும் கைபேசியில் தன் குரலைப் பதிந்து வைக்கிறார்: இன்று கைக்காசு இவ்வளவு, வெளியில் இவ்வளவு. நாணயத்தாள்களைத் தடவி எண்ணுவதில் அவருக்குச் சிரமமில்லை, பெறுமதி கூடக் கூடத் தாளின் நீளமும் கூடுகிறது. ஆனால் கடனைத் தடவி எண்ண அதுவரை வழி இருக்கவில்லை என்றார். மூதாட்டி எதையும் எழுதவில்லை. மூன்று பால்மாத் தகரங்களில் வீடு, கடை, கடன் என்று பிரித்து வைத்திருந்தார். மூன்றாம் தகரத்தில் காசு இல்லை, சிப்பிகள் இருந்தன.

ஏனைய ஐவர் பழையபடியே இருந்தனர். இரு சுற்றிலும் ஆட்கள் குறைவு. சிலர் இரு தடவையும் வந்தவர்கள். இரண்டாம் தடவை எங்கள் கவனமும் கூடுதலாக இருந்தது. எனவே மாற்றம் முழுவதையும் பலகையின் கணக்கில் எழுத நான் துணியவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

சைகை மொழிபெயர்ப்பாளரின் கொடுப்பனவு, மண்டப வாடகைக்கும் தேநீருக்கும் முன்னதாக, செலவுத் திட்டத்தின் முதல் வரியில் இடம்பெற வேண்டும். அவருக்கான பணம் கிடைக்காவிட்டால் வகுப்பைத் தள்ளிப்போடுவது என்று தீர்மானித்திருக்கிறோம். ஆட்டத்தின் பின்னான உரையாடலுக்கும் விதி வேண்டும்: சந்தைக் குழியின் கொட்டையைக் கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசுவது, பேசி முடித்ததும் அடுத்தவர் கையில் அதைக் கொடுப்பது. யார் பேசுகிறார் என்பது செவிப்புலனற்றவருக்குக் கண்ணில் தெரியும், விழிப்புலனற்றவருக்கு அடுத்த முறை தன்னுடையது என்பது கையில் தெரியும்.

வடிவமைப்பின் தொடக்கத்திலேயே அந்த நால்வரையும் அழைத்திருந்தால் நேரமானியை அவர்கள் முதல் நாளே நிராகரித்திருப்பார்கள். அடுத்த சுற்றின் சோகி நிகழ்வுகளைத் திருத்தும் வேலைக்குக் கடைக்கார அண்ணனையும் சைக்கிள் திருத்துநரையும் கூலி கொடுத்து அமர்த்தியிருக்கிறோம். தையற்காரியின் வீட்டுக்கு, மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு சென்று மன்னிப்புக் கேட்டோம். மீண்டும் வருவதாக அவர் இன்னும் சொல்லவில்லை. ஒரு பலகையை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.